வலமிருந்து இடமாக ஒரு விளக்கு

நீலத் துணியின்மேல் ஒன்பது குங்குமப் பொட்டுகள் இருந்தன. புதன்கிழமை காலை, பத்தேகால் மணி. மூன்றாம் வகுப்பின் சுவரில் தொங்கிய துணி விளக்குக்கு முன்னால் நின்று கைவேலை டீச்சர் குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவருடைய வலது கை விளக்கின் தண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நகர்ந்தது. ஒரு பொட்டின்மேல் பட்டு விரல் நுனி சிவந்தது. அந்த விரலாலேயே அவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். மூக்கின்மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை டெஸ்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கியது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்கவில்லை. தானும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் வகுப்பின் பின்பக்கம் நின்றிருந்தேன். அடர்நீலத் துணியும் அதன்மேல் இருந்த சிவப்பும் அவருக்கு ஒன்றாகவே தெரிகின்றன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இது நான்கு வருடங்களுக்கு முந்தைய டிசம்பர். திருச்சி புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, இப்போதும் அங்கேதான். கல்யாணமான வருடத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். நடந்ததை எழுதுவேன், மணியோடு எழுதுவேன். அதைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதுவதில்லை. அந்த டிசம்பரின் பக்கங்களைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவற்றில் எல்லாமே இருக்கிறது. எல்லாமே என் கையெழுத்தில், அந்தந்த நாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியாமல் இருந்தது.

பள்ளியில் அந்த வருடக் கண்காட்சிக்கு உலகப் பண்டிகைகள் என்று தலைப்பு வைத்தார்கள். ஒவ்வொரு வகுப்பும் சீட்டு எடுக்க வேண்டும். இரண்டாம் வகுப்புக்குச் சீனப் புத்தாண்டு வந்தது. எனக்கு வந்த சீட்டில் ஹனுக்கா என்று இருந்தது. யூதர்களின் பண்டிகை என்று தலைமையாசிரியை சொன்னார். எங்கள் பள்ளியில் யாருமே ஒரு யூதரைப் பார்த்தது கிடையாது. ஆறாம் வகுப்பு வரலாற்று ஆசிரியர் கொச்சியில் ஒரு பழைய யூதக் கோவிலை வாசலில் நின்று பார்த்திருந்தார், அவ்வளவுதான். தலைமையாசிரியை இணையத்திலிருந்து இரண்டு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தார். ஃபெல்ட் துணியில் விளக்கு செய்து குழந்தைகளுக்குப் பண்டிகையைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அதில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கைவேலை டீச்சரிடம் போனேன்.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியிலேயே இருந்தார். அடையவளஞ்சான் வீதியில் வாடகை வீடு, அவரும் ப்ளஸ் டூ படிக்கும் மகளும். பள்ளி வேனிலேயே வருவார், வேனிலேயே போவார். அதனால் ஸ்ரீரங்கம் வேனுக்கு அவரே பொறுப்பு. காலையிலும் மாலையிலும் இருபத்து மூன்று குழந்தைகள், ஏழு நிறுத்தங்கள். மாலையில் அவற்றில் மூன்று இடங்களில் இறங்கி, கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவைத்து, எதிர்ப்பக்கம் காத்திருக்கும் பெற்றோரிடம் விட வேண்டும். எந்த வேனில் எந்த ஆசிரியை என்ற பட்டியலை எழுதி வைப்பது என் கூடுதல் வேலை. அவர் பெயரைப் பதினோரு வருடமும் அந்த இடத்தில் நான்தான் எழுதினேன்.

தாளைக் கொடுத்ததும் அவர் வாங்கி ஒருமுறை புரட்டிவிட்டுத் திருப்பி என்னிடமே நீட்டினார். கண்ணாடியை மாற்ற வேண்டும், எழுத்து பொடியாக இருக்கிறது, நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்றார். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. நான் படித்துச் சொன்னேன். அன்றைய பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'மதியம் 1.20. கைவேலை டீச்சருக்குத் தாளைப் படித்துக் காட்டினேன். ஒருமுறை கேட்டதும் அப்படியே திருப்பிச் சொன்னார். நல்ல ஞாபகசக்தி.'

ஃபெல்ட் என்பது நெய்யாத துணி. கம்பளி மாதிரி இழைகளை அழுத்தி அழுத்தித் தகடாக்கியிருப்பார்கள். வெட்டினால் ஓரம் பிரியாது, தையல் மடிப்பு தேவையில்லை. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி கடையில் அடர்நீலம், மஞ்சள், ஆரஞ்சு மூன்றும் வாங்கி வந்தோம். விளக்கின் படம் போட்ட அட்டையை நான் வெட்டிக் கொடுத்தேன். டீச்சர் அதைத் துணிமேல் வைத்து இடது கைவிரல்களால் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரல்களுக்கு முன்னால் கத்தரியை ஓட்டினார். வெட்டும்போது துணியைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டே வெட்டினார். வெட்டு நூல் பிடித்த மாதிரி இருந்தது. கத்தரியை ஒவ்வொரு முறையும் வலது முழங்கைக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில், ஒரே சாய்வில் வைத்தார். என்ன ஒழுங்கு என்று நான் மெச்சினேன். இடப்பக்கம் ஆயாம்மா கொண்டுவந்து வைத்த டீயை மூன்று நாளில் இரண்டு முறை தட்டிவிட்டார். அதையும் எழுதியிருக்கிறேன்.

விளக்கில் ஒன்பது சுடர்கள். எட்டு ஒரே வரிசையில். நடுவில் சற்று உயரமாக ஒன்று. அந்த உயரமான சுடர் மற்றவற்றை ஏற்றுவதற்கான உதவிச் சுடர். பண்டிகை எட்டு நாள் நடக்கும்; முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று நாளுக்கு ஒன்று கூட்ட வேண்டும். வலப்பக்கக் கோடியில் தொடங்கி இடப்பக்கமாக வர வேண்டும் என்று தாளில் இருந்தது. துணிச் சுடரின் முதுகில், ஷூக்களில் வரும் ஒட்டுப்பட்டையைத் தைத்தார் டீச்சர். குழந்தைகள் வந்து ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் பர்ரென்று வரும். விடுமுறைக்கு முன் எங்களுக்குச் சரியாக எட்டு வேலை நாட்கள் இருந்தன. புதன் தொடங்கி அடுத்த வெள்ளி வரை. எட்டாம் சுடர் அன்று கண்காட்சி.

புதனுக்கு முந்தின செவ்வாய் மாலை விளக்கைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனோம். மறுநாள் காலை வகுப்பைப் பெருக்க வந்த ஆயாம்மா அதைப் பார்த்திருக்கிறார். எட்டுத் தண்டுக்கும் நடுத்தண்டுக்கும் அடியில் பொட்டு வைத்துவிட்டார். பிறகு கேட்டபோது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "விளக்குன்னு சொல்றீங்க, பொட்டு வெக்காம மூளியா நிக்க வெப்பாங்களா?" என்றார்.

அப்படித்தான் அந்தப் புதன்கிழமை. கதை முடியும் நேரத்தில் தலைமையாசிரியை வகுப்புக்குள் வந்தார். விளக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பொட்டெல்லாம் வெச்சு ரொம்ப நல்லா இருக்கு டீச்சர்" என்றார். கைவேலை டீச்சர் அரை வினாடி அசையாமல் நின்றார். பிறகு, "நம்ம ஊரு விளக்காச்சே மேடம்" என்றார். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த அரை வினாடியை நான் பார்த்தேன். தெரியாததைத் தெரிந்ததாக மாற்றிக்கொள்ள அவருக்கு அதற்கு மேல் நேரம் தேவைப்படவில்லை. எத்தனை காலம் பழகியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

கதையைச் சொல்லவில்லையே. பகைவர்கள் பாழாக்கிய கோவிலை யூதர்கள் மீட்டுக்கொண்டார்கள். உள்ளே விளக்கேற்றப் போனால், தூய எண்ணெய் ஒரு நாளைக்குத்தான் இருந்தது. புது எண்ணெய் ஆட்டி வர எட்டு நாள் ஆகும். இருந்ததை ஊற்றி ஏற்றினார்கள். அது எட்டு நாளும் எரிந்தது. அதனால் பண்டிகையில் எண்ணெயில் பொரித்த பலகாரம் சாப்பிடுவார்கள் என்று சொன்னதும், வடையா, அதிரசமா என்று குழந்தைகள் கேட்டார்கள். முன்வரிசைப் பெண் மட்டும் வேறு கேள்வி கேட்டாள். "ஒரு நாளைக்குத்தான் வரும்னு தெரிஞ்சே ஏன் மிஸ் ஏத்துனாங்க?" டீச்சர், "இருக்கிற வரைக்கும் எரியட்டும்னுதான்" என்றார்.

மதிய உணவு மணி அடித்ததும் அவரைக் கைவேலைச் சாமான்கள் வைக்கும் அறைக்குக் கூட்டிப்போனேன். மூக்கில் குங்குமம் இருக்கிறது என்று சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டார். பிறகு நான் எதுவும் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, அதனால் கவனிக்கவே இல்லை. இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் நேர் எதிரே மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தெரிகிறது. போனது திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏழு மாதமாகிறது. மகளுக்கு மட்டும் தெரியும்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். அவரை நிரந்தரமாக்கும் ஆணை நிர்வாகக் குழுவின் முன் இருந்தது. கண்காட்சி நடக்கும் வெள்ளிக்கிழமை மாலை கூட்டத்தில் கையெழுத்தாகும். நிரந்தரமான ஊழியருக்கு உடம்பு முடியாமல் போனால் நூலகத்துக்கோ அலுவலகத்துக்கோ மாற்றுவார்கள். தற்காலிக ஊழியரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார்கள். "அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதீங்கக்கா. அப்புறம் நானே போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

நான் வேனைப் பற்றிக் கேட்டேன்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், கெட்டிக்காரி, அவளை முன்னால் நிறுத்திக்கொள்கிறேன் என்றார். "வண்டி வருதாடின்னு கேப்பேன். வரலைன்னு சொன்னா காலை எடுத்து வெப்பேன். உண்மையைச் சொன்னா, குழந்தைங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போறாங்க. நான் கையைப் பிடிச்சிருக்கேன், அவ்வளவுதான்."

நான் அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அன்றைய பக்கத்தில் அது இரண்டு வரியாக இருக்கிறது. வேன் பட்டியலில் பெயரை மாற்றினால் காரணம் எழுத வேண்டும், தலைமையாசிரியையின் கையெழுத்து வேண்டும். அதனால் வேறு வழி பார்த்தேன். மார்கழி பிறக்கும் சமயம். வெள்ளிக்கிழமை வரை பள்ளி உள்ள எட்டு நாளும் ரங்கநாதரைச் சேவிப்பதாக வேண்டுதல், வேனிலேயே ஸ்ரீரங்கம் போய்வருகிறேன் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். என் வீடு புத்தூரிலேயே, பள்ளிக்கு எதிர்ப்பக்கம். அவர் நம்பினார். "எனக்கும் சேர்த்து வேண்டிக்கோங்க, பிரசாதம் மறக்காதீங்க" என்றார். அன்றிலிருந்து தினமும் தெற்கு வாசல் பூக்கடையில் துளசி வாங்கி, மறுநாள் காலை அவர் மேஜையில் வைத்தேன். அந்த நாட்களில் ஒருநாள்கூட நான் கோவிலுக்குள் போகவில்லை.

மாலை நாலேகாலுக்கு வேன் கிளம்பும். காவிரிப் பாலத்தில் ஏறும்போது டீச்சர் பேச்சை நிறுத்திவிடுவார். வைகுண்ட ஏகாதசிக்கு வெளியூர் பஸ்கள் வரத் தொடங்கியிருந்தன. அம்மா மண்டபம் சாலையில் ஆட்டோக்களும் டவுன் பஸ்களும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போயின. அவர் இறங்குவதை அப்போதுதான் முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். வலது காலைத்தான் முதலில் வைப்பார். தரை பட்டதும் தலையை இடப்பக்கம் முழுக்கத் திருப்புவார், தோளுக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல. பிறகு வலப்பக்கம். பிறகு நாலாம் வகுப்புப் பெண்ணின் தலைமேல் கையை வைப்பார். அவள் எம்பிப் பார்த்துவிட்டு, "போலாம் மிஸ்" என்பாள். ஒன்பது வயது. அவளைவிடச் சின்னதாக மூன்று பேர் பின்னால். நான் மறுபக்கக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவேன். சாலையின் நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன்.

வகுப்பில் சுடர்கள் ஒவ்வொன்றாகக் கூடின. முதல் நான்கு நாளும் அவர் குழந்தைகளை இடுப்பில் பிடித்துத் தூக்கி ஒட்டவைத்தார். நடுத்தண்டைத் தாண்டி ஐந்தாவது சுடர் வந்த செவ்வாய்க்கிழமை, ஒட்ட வேண்டிய இடத்தைச் சுவரில் தேடினார். என்னிடம் மெதுவாக, "இனிமே இந்தப் பக்கம் எனக்குக் கைதான்க்கா" என்றார். விளக்கு அவருடைய இருட்டுப் பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது.

அன்று மாலை நாலாம் வகுப்புப் பெண் வரவில்லை. காய்ச்சல். அம்மா மண்டபம் சாலையில் வேன் நின்றது. அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டிய ஒரு குழந்தை தூங்கிப்போயிருந்தது. அதை எழுப்பிப் பையை மாட்டிவிட நான் பின்சீட்டுக்குப் போனேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. திரும்பினால் டீச்சர் மூன்று குழந்தைகளோடு சாலையில் இறங்கிவிட்டிருந்தார். இடப்பக்கத்திலிருந்து ஒரு டவுன் பஸ், முன்னால் போன ஆட்டோவைத் தாண்டி வெளியே வந்தது. டிரைவர் அண்ணன் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு டீச்சர் நின்று வேன் பக்கம் திரும்பினார். நின்றதால்தான் தப்பித்தார்கள். பஸ் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிப் போனது. யு.கே.ஜி. குழந்தையின் தண்ணீர் பாட்டில் நழுவி விழுந்து சக்கரத்தில் நசுங்கியது. குழந்தை பாட்டிலுக்காக அழுதது. நான் ஓடிப்போய் நால்வரையும் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சேர்த்தேன். டீச்சருடைய சேலை முந்தானை பஸ்ஸின் காற்றில் தோளைவிட்டு நழுவியிருந்தது. அவர் அதைச் சரிசெய்துகொண்டே, "இன்னிக்கு என்னக்கா, இவ்வளவு காத்து?" என்றார்.

பஸ் போனதே அவருக்குத் தெரியவில்லை.

குழந்தைகளை எல்லாம் விட்டுவிட்டு வேன் திரும்பும்போது, டிரைவர் அண்ணனிடம் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியும் மிஸ். நாலு மாசமா ஹாரன் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பசங்களுக்கும் தெரியும்" என்றார். உங்களுக்குத்தான் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. பட்டியல் எழுதும் எனக்கும், அதில் கையெழுத்துப் போடுகிறவருக்கும் தவிர, அந்த வேனில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

புதன்கிழமை காலை டீச்சரிடம் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஆறாவது சுடரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேனை விட்டுவிடுங்கள், கால் வலி என்று எழுதிக் கொடுங்கள், நான் பெயரை மாற்றுகிறேன் என்றேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தால் யாராவது கேள்வி கேட்பார்கள், மருத்துவச் சான்று கேட்பார்கள் என்றார். "நீங்க கூட வரீங்கள்ல. இன்னும் மூணே நாள்தானேக்கா." நான் சரி என்றேன். அன்று மாலை எல்லாக் குழந்தைகளையும் நானே கடத்திவிட்டேன். அவரை வேனைவிட்டு இறங்கவிடவில்லை. திரும்பி வந்து பள்ளிப் பலகையைப் பார்த்தபோதுதான், கண்காட்சி ஏற்பாட்டுக்கு வியாழனும் வெள்ளியும் மாலை ஆறு மணி வரை வகுப்பாசிரியைகள் இருக்க வேண்டும் என்ற அறிவிப்பைக் கண்டேன். வேன் பொறுப்பாளர்களுக்கு மட்டும் விலக்கு. இனி நான் அவரோடு வேனில் போக முடியாது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதினேன். டீச்சருக்குக் கண் பார்வை குறைந்திருக்கிறது, இடப்பக்கம் தெரியவில்லை, செவ்வாய் மாலை அம்மா மண்டபம் சாலையில் இன்னது நடந்தது, இன்று மாலை முதல் வேனுக்கு வேறு ஆள் வேண்டும். அடைமொழி ஒன்றுகூட இல்லை. எழுதி முடித்ததும் படித்துப் பார்த்தேன்; ஒரு வார்த்தையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வேனிலிருந்து மட்டும் எடுங்கள், வேலையில் வையுங்கள், நிரந்தர ஆணையை நிறுத்தாதீர்கள் என்று ஐந்தாவது வரியாக எழுதியிருக்கலாம். அது நடந்தது அல்ல, நான் நினைப்பது. அதனால் எழுதவில்லை.

தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். போன புதன்கிழமையிலிருந்து என்றேன். விரலை மடக்கி எண்ணினார். "ஆறு நாள். தெரிஞ்சே ஆறு நாள் அனுப்பியிருக்கீங்க." அவர் மேஜைமேல் அன்று காலை நான் வைத்த துளசி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப இந்தத் துளசி?"

"பூக்கடையில வாங்கினது மேடம்" என்றேன். அவர் அதை எடுத்துக் குப்பைக் கூடையில் போடவில்லை. மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

பதினொன்றரைக்கு டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்கள். பன்னிரண்டு பத்துக்கு அவர் வெளியே வந்தார். கையில் பை, டிபன் கூடை. நான் வராந்தாவில், என் வகுப்பு வாசலில் நின்றிருந்தேன். சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரை வலது கையால் தொட்டுக்கொண்டே வந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் இருந்தேன். கை நீட்டினால் தொடும் தூரம். அவர் நிற்கவில்லை. தலையைத் திருப்பவில்லை. அவருடைய சேலையின் கஞ்சி மணம்கூட எனக்குத் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. என்னைப் பார்க்காமல் போனாரா, பார்க்கப் பிடிக்காமல் போனாரா என்று இந்த நான்கு வருடத்தில் எனக்குத் தெரியவில்லை. நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: '12.10. டீச்சர் போனார்.'

ஏழாவது சுடரை அன்று மதியம் நான் ஒட்டவைத்தேன். எட்டாவது சுடரை வெள்ளிக்கிழமை, கேள்வி கேட்ட அந்த முன்வரிசைப் பெண் ஒட்டினாள். கைவேலை மிஸ் எங்கே என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். பெற்றோர்கள் வந்தார்கள், விளக்கின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நிர்வாகக் குழுவினர் வந்து பார்த்து, தையல் எவ்வளவு நேர்த்தி என்று பாராட்டினார்கள். யார் தைத்தது என்று ஒருவர் கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். அன்று மாலைக் கூட்டத்தில் அந்த ஆணை மேஜைக்கே வரவில்லை. ஜனவரியில் புதிய கைவேலை டீச்சர் வந்தார்.

நான் செய்தது சரி என்று எல்லோரும் சொன்னார்கள். என் கணவர் சொன்னார், டிரைவர் அண்ணன்கூட ஒருநாள், "வேற என்ன மிஸ் பண்ண முடியும்?" என்றார். குழந்தைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் சரி என்றுதான் படுகிறது. முதல் நாளே செய்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமைவரை வேறு வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் அதுவும் சரியாக இருந்திருக்கும். நான் வாக்கையும் முழுதாகக் காப்பாற்றவில்லை, குழந்தைகளையும் முழுதாகக் காப்பாற்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆறு நாள் நின்றிருந்தேன்.

இப்போது என் மகன் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பதால் மாதத்துக்கு இரண்டு முறையாவது போகிறேன். டீச்சரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை மருந்துக் கடையில். இரண்டாம் முறை உத்திர வீதியில், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். இரண்டு முறையும் நான் செய்தது ஒன்றுதான். ஒதுங்கி, அவருக்கு இடப்பக்கமாக வரும்படி நின்றேன். எந்தப் பக்கம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவராக நம்பிச் சொன்னதுதான்.

மூன்றாவது முறை போன மாதம், தெற்கு வாசலில், காலை பத்து மணி. கடையோரமாக நின்றிருந்தேன். அவர்கள் என்னைத் தாண்டி இரண்டடி போனதும் டீச்சர் நின்றார். இப்போது அவர் கண்ணாடி போடுவதில்லை. முகத்தைக் காற்றில் லேசாக உயர்த்தினார்.

"யாரோ நம்ம பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சே. தெரிஞ்சவங்களாடி?"

மகள் திரும்பினாள். வேலைக்குப் போகிற பெண்ணாகிவிட்டாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. என்னை நேராகப் பார்த்தாள். பள்ளி ஆண்டு விழாக்களில் எத்தனையோ முறை அத்தை என்று கூப்பிட்டு வந்து நின்றவள். அவசரமில்லாமல், என் முகம் முழுவதையும் பார்த்தாள்.

"யாரும் இல்லம்மா. வா" என்றாள்.

அம்மாவின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு சாலை ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், மறுபடி இடப்பக்கம் பார்த்தாள். ஒரு டவுன் பஸ் போகும்வரை காத்திருந்தாள். பிறகு இருவரும் இறங்கினார்கள். அவர்கள் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.